காபி சூடாக இருக்கிறது

ஆர்லிஸ் சிரித்துவிட்டாள்.

இரண்டு மணிக்கட்டிலும் அறுவை சிகிச்சை ஆகி, கைகளைக் கட்டுப்போட்டு மடியில் வைத்துக்கொண்ட நாளிலிருந்து அந்த அம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. இன்று சனிக்கிழமை காலை, கடைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, மருமகள் டெல்ஃபின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்த திரையைப் படித்தாள். படித்ததும் தோள் குலுங்கியது.

"'தெற்குக் கரையில் மீன் கடிக்கிறது. லோவெலின் தூண்டிலை மட்டும் மீன்கள் இன்னும் மன்னிக்கவில்லை.' இதை நான் எப்ப எழுதினேன்?"

"நீங்க எழுதலைம்மா. அதுதான் எழுதுச்சு. இப்பதான்."

ஆர்லிஸ் இன்னொரு முறை படித்தாள். கண்ணாடியை மூக்கில் சரியாக உட்கார வைக்க முடியாமல் முகத்தை மேலே தூக்கிப் படித்தாள்.

"பரவாயில்லை" என்றாள்.

டெல்ஃபினுக்குக் கண் கலங்கிவிட்டது. வடக்கு மினசோட்டாவில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. கல்யாணத்தன்று லூயிசியானாவிலிருந்து ஆசை ஆசையாகத் தைத்துக்கொண்டு வந்த கவுனைப் பார்த்து, "வித்தியாசமாத்தான் இருக்கு" என்று சொன்ன வாய் அது. அது பாராட்டு இல்லை என்று டெல்ஃபினுக்குப் புரிய ஒரு வருஷம் பிடித்தது.

ஹோக்டால் தூண்டில் கடையில் புழு கிடைக்கும், தூண்டிலில் கோர்க்கிற சின்ன மீன் கிடைக்கும், பனிக்கட்டியில் துளை போடுகிற கருவி வாடகைக்குக் கிடைக்கும். நெடுஞ்சாலையில் புதிதாக முளைத்த பெரிய கடையில் இதெல்லாம் இன்னும் மலிவாகக் கிடைக்கும். அப்படியும் ஆட்கள் இங்கேயே வருவது ஆர்லிஸின் 'ஏரிச் செய்தி'க்காக. ஸ்டோனி ஏரி உறைந்த நாளிலிருந்து உருகும்வரை, தினமும் விடிந்ததும் நாலு வரி எல்லார் போனுக்கும் போய்ச் சேரும். அந்த நாலு வரி நின்றால் கடையும் நின்றுவிடும்.

வசந்தம் வரை விரலை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நீங்க சொல்லுங்க, நான் தட்டறேன்" என்று டெல்ஃபின் உட்கார்ந்து பார்த்தாள். பலிக்கவில்லை. எதிரே ஆள் இருந்தால் ஆர்லிஸுக்கு வாயடைத்துவிடும். எழுதும்போது வருகிற குறும்பில் ஒரு துளிகூடப் பேச்சில் வராது.

அதனால்தான் டெல்ஃபின் அந்த எழுதும் மென்பொருளைப் பிடித்தாள். முதல் நாள் அது எழுதியதைப் படித்து அவள் புருஷன் லோவெல் குடித்த காபியைத் துப்பினான்.

'ஸ்டோனி ஏரியின் மறக்க முடியாத மாயாஜால அனுபவத்துக்கு வாருங்கள்!'

"யாரு இது? கப்பல் டிக்கெட் விக்கிறவனா?" என்று கேட்டாள் ஆர்லிஸ்.

வேறொருத்தியாக இருந்தால் அன்றே மூடி வைத்திருப்பாள். டெல்ஃபின் விடவில்லை. மாமியாரின் பழைய செய்திகளை அள்ளிக் கொடுத்தாள். 'ஆச்சரியக்குறி போடாதே. மீனைப் புகழாதே. சொந்த மகனைக் கிண்டல் செய்யலாம், வாடிக்கையாளரைக் கூடாது. நாம் நடந்து பார்க்காத இடத்தை நடந்து பார்த்ததாகச் சொல்லாதே' என்று பிள்ளைக்குப் புத்தி சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். அது தப்பாக எழுதினால், நீ எழுதியது இது, ஆர்லிஸ் எழுதியிருந்தால் இப்படி இருக்கும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அது கற்றுக்கொண்ட வேகத்தைப் பார்த்து லோவெல் அதற்குச் 'சின்ன ஆர்லிஸ்' என்று பெயரே வைத்துவிட்டான்.

கொடுக்க வேண்டிய பழைய செய்திகளைப் பொறுக்கும்போது சிலவற்றை டெல்ஃபின் ஒதுக்கினாள். அவற்றில் ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'காபி சூடாக இருக்கிறது. எலுமிச்சை கேக் உண்டு.' அவ்வளவுதான். ஏரிச் செய்தி கற்கிற பிள்ளைக்குக் கேக் எதற்கு என்று தள்ளிவிட்டாள்.

போன வாரம் மாமியார் போட்ட நிபந்தனை நினைவிருக்கும். "சனிக்கிழமைச் செய்தியை அது எழுதட்டும். என் ஆளுங்க கண்டுபிடிக்கலைன்னா வசந்தம் வரைக்கும் அதுவே எழுதட்டும். கண்டுபிடிச்சுட்டா ஏரிச் செய்தியையே நிறுத்திடலாம்."

சோல்வே எங்கே போனாள் என்று வாசகர்கள் விடாமல் கேட்கிறீர்கள். ஆர்லிஸின் மகள் இன்னும் அரிசோனாவில்தான் இருக்கிறாள். தகப்பன் செத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தாயைப் பார்த்து அவள் கத்தியது இந்த வீட்டில் யாருக்கும் மறக்கவில்லை. "அப்பா பிழைப்பாரான்னு கேட்டேன். நீ கேக் சாப்பிடுன்னு சொன்னே!" அதன் பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை. குரல் கிடையாது.

அவளை அங்கேயே விட்டுவிட்டு ஏரிக்கு வருவோம்.

ஏரிப் பனி ஆளைத் தாங்குமா என்று தட்டிப் பார்க்க லோவெல் விடிகாலையிலேயே கடப்பாரையோடு போய் வந்திருந்தான். தாடியில் பனித்துகள் ஒட்டியிருக்க, அடுப்பருகே நின்றுகொண்டே சொன்னான்.

"தெற்கே கெட்டியா இருக்கு, டெல். நடுவிலயும் மோசமில்ல. வடக்கு மூலைக்கு நான் போகலை. நேத்து நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ராத்திரி அடிச்ச காத்து எனக்குப் பிடிக்கலை. ஓடை வந்து கலக்கற இடம் பாரு, பனி சீக்கிரம் இளகிடும்."

டெல்ஃபின் அதை அப்படியே தட்டிக் கொடுத்தாள். சின்ன ஆர்லிஸும் மறைக்காமல் எழுதியது. 'வடக்கு மூலை நேற்று நன்றாக இருந்தது. இரவுக் காற்று எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஓடைப் பக்கம் போகிறவர்கள் கடப்பாரையால் தட்டிக்கொண்டே போங்கள். ஏரி பதில் சொல்லும்.'

ஒரு வார்த்தை பொய்யில்லை. குரலும் அச்சு அசல் ஆர்லிஸ்.

"அனுப்பு" என்றாள் மாமியார்.

போன வேகத்தில் பதில்கள் வந்து விழுந்தன. 'கை சரியாயிடுச்சா ஆர்லிஸ்?' 'லோவெலை விட்டுடு, பாவம்!' 'நீ திரும்பி வந்தது நல்லது.'

"ஒருத்தருக்கும் தெரியலை!" டெல்ஃபின் கல்லாவைச் சுற்றி ஓடிவந்து மாமியாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கட்டிப்பிடிக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஆர்லிஸ் மரம்போல உட்கார்ந்திருந்தாள். தள்ளிவிடவும் இல்லை.

"சின்ன ஆர்லிஸ் ஜெயிச்சுட்டா! பெரிய ஆர்லிஸ் இனிமே படுத்துத் தூங்கலாம்" என்றான் லோவெல்.

 ஆர்லிஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகுத்துறை வழியாக உறைந்த ஏரியில் இறங்கிய பிக்கப் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே திரும்பிக்கொண்டிருந்தன. முதல் வண்டி ஹார்லனுடையது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்; ஏரியைத் தன் சமையலறைபோல அறிந்தவர். பனிமேல் நிறுத்தி உள்ளே உட்கார்ந்து மீன் பிடிக்கிற தன் பச்சை மீன்குடிலைச் சறுக்குக் கட்டைமேல் வைத்து இழுத்துக்கொண்டு போனார்.

"ஹார்லன் எதுக்கு வடக்கே போறான்?"

"செய்தியில எச்சரிச்சிருக்கோமேம்மா" என்றாள் டெல்ஃபின்.

"போன் போடு. அவனுக்குப் போன் போடு!"

டெல்ஃபின் எண்ணை அழுத்தி மாமியாரின் காதில் வைத்தாள். அறை முழுக்கக் கேட்கும்படி ஹார்லனின் குரல் வந்தது. "என்ன ஆர்லிஸ், இன்னைக்கு நல்ல நாள்ங்கறே!"

"நான் எங்கே சொன்னேன்? காத்து பிடிக்கலைன்னு எழுதியிருக்கே, படிக்கலையா நீ?"

"படிச்சேனே. வடக்கு மூலையைப் பத்தி எழுதியிருக்கே, கடப்பாரையால தட்டிட்டுப் போன்னும் சொல்லிட்டே. மோசமா இருந்தா நீ ஏரியைப் பத்தியா எழுதுவே? கேக்கைப் பத்தித்தானே எழுதுவே!"

ஆர்லிஸ் டெல்ஃபினைப் பார்த்தாள்.

"கேக்குன்னா வீட்டுல இரு, ஏரின்னா கிளம்பு. ஊருக்கே தெரியுமே. ஏன், உனக்குத் தெரியாதா?"

தெரியாது. அத்தனை குளிர்காலமும் எழுதியவளுக்கு அது தெரியவே தெரியாது. பனி மனசுக்குச் சரிப்படாத காலையில் ஏரியைப் பற்றி எழுதக் கை வராது. போகாதே என்று நாலு பேரை அதட்டவும் அவளுக்கு வராது. கேக் செய்வாள், அதை எழுதுவாள். அதைப் படித்துவிட்டு ஊர் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

லோவெல் ஏற்கெனவே கயிற்றை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தான். பனிவண்டி உறுமுகிற சத்தம் கேட்டது.

"திரும்புங்க ஹார்லன்!" டெல்ஃபின் போனைத் தன் வாய்ப்பக்கம் இழுத்துக் கத்தினாள். "அது அம்மா எழுதினதில்லை. மெஷின் எழுதினது, நான் எழுத வெச்சது. குடிலைக் கழட்டி விட்டுட்டு வந்துடுங்க. மத்தவங்களையும் திருப்புங்க!"

"என் குடிலையா?" என்றார் ஹார்லன், பெண்டாட்டியை விட்டுவிட்டு வரச் சொன்னதுபோல.

"கழட்டுடா முட்டாள்!" என்றாள் ஆர்லிஸ்.

அந்த அம்மாள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததும் ஹார்லன் மறுபேச்சு பேசவில்லை.

ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு இருவரும் பார்த்தார்கள். வண்டிகள் நின்றன. பின்னால் வந்தவை ஒவ்வொன்றாகத் திரும்பின. ஹார்லனின் வண்டி மட்டும் கடைசியாக, பச்சைக் குடிலை அங்கேயே விட்டுவிட்டு, நடக்கிற வேகத்தில் வளைந்து வந்தது. அது பாதி தூரம் வந்தபோது ஏரிக்குள்ளிருந்து பலகை முறிவதுபோல ஒரு சத்தம் கடைவரை கேட்டது. பச்சைக் குடில் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்தபடியே, ஜன்னல்வரை தண்ணீரில் நின்றது.

ஆட்கள் எல்லாரும் கரையேறினார்கள். லோவெல் கையை உயர்த்திக் காட்டினான்.

டெல்ஃபின் அப்படியே புழு டப்பாக்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தான் பெருமைப்பட்டுக்கொண்ட ஒவ்வொரு வரியும் இப்போது அவளைப் பார்த்து இளித்தது.

ஆர்லிஸ் பின்னறைக்குப் போனாள். கட்டுப்போட்ட இரு கைகளுக்கும் நடுவே ஒரு தட்டை இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இந்தா, கொஞ்சம் கேக் சாப்பிடு."

"வேண்டாம்!" டெல்ஃபின் வெடித்துவிட்டாள். "திட்டுங்கம்மா! நாலு பேரைக் கொல்லப் பார்த்தேன். என்னை வாய்விட்டுத் திட்டுங்க. கேக் மட்டும் குடுக்காதீங்க!"

இதே குற்றச்சாட்டை ஆர்லிஸ் முன்பு ஒரு தடவை, ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் வாயிலிருந்து கேட்டிருக்கிறாள். டெல்ஃபினுக்கும் அது உறைத்தது. சொன்னதை விழுங்க முடியாமல் பார்த்தாள்.

ஆர்லிஸ் தட்டைக் கீழே வைத்தாள். நாற்காலியை முழங்காலால் தள்ளிக்கொண்டு வந்து மருமகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கோபம்தான்" என்றாள் கடைசியில். "உன்மேல கொஞ்சம். என்மேல நிறைய. நானும்தான் படிச்சேன். சிரிச்சேன். அனுப்புன்னு சொன்னதே நான். எனக்கே தெரியாத ஒண்ணை நீ எப்படிச் சொல்லிக் குடுப்பே?"

டெல்ஃபின் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஒதுக்கி வெச்சேன்மா. கேக் நாள் எல்லாத்தையும். குப்பைன்னு நெனச்சேன்."

"இன்னும் இருக்கா அதெல்லாம்?"

"இருக்கு."

"குடு அதுக்கு."

டெல்ஃபின் எழுந்து திரைமுன் உட்கார்ந்தாள். ஒதுக்கியதையெல்லாம் திரும்ப எடுத்தாள். ஒவ்வொன்றோடும் அந்தந்த நாளின் காற்று, பனி நிலவரத்தையும் தேடிச் சேர்த்தாள். இவை குப்பை இல்லை, மனசுக்குச் சரிப்படாத நாளில் ஆர்லிஸ் இப்படித்தான் எழுதுவாள் என்று சொல்லிக் கொடுத்தாள். மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருப்பார்கள். இவள் அழுதுகொண்டே வேலை பார்த்தாள். அதைப் பார்த்த ஆர்லிஸுக்குத் தன் மகன் கெட்டிக்காரத்தனமாகச் செய்த ஒரே காரியம் இவளைக் கட்டிக்கொண்டதுதான் என்று தோன்றியது.

பிறகு காலையில் லோவெல் சொன்ன அதே விவரத்தை, ஒரு எழுத்து மாற்றாமல், டெல்ஃபின் மறுபடி கொடுத்தாள்.

சின்ன ஆர்லிஸ் எழுதியது. 'காபி சூடாக இருக்கிறது. எலுமிச்சை கேக் உண்டு. லோவெலுக்கு மிச்சம் வைக்க வேண்டியதில்லை.'

ஏரி இல்லை. வடக்கு மூலை இல்லை. ஆர்லிஸுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன் மனசின் பூட்டிய அறைக்குள் யாரோ விளக்கேற்றியதுபோல அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானேதான்" என்றாள்.

"நீங்களேதான்மா. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இந்த ஊருக்குப் புதுசா வர்றவங்களுக்கு இது எப்படிப் புரியும்? நான் இங்க வந்து நாலு வருஷம் ஆச்சு. கேக் நாள்னா கேக் சாப்பிட வந்துட்டிருக்கேன்!"

லோவெல் அப்போதுதான் உள்ளே வந்தான். நனைந்த பூட்ஸை உதறிக்கொண்டே சிரித்தான். சிரிப்பு நடுவிலேயே நின்றது. "நிஜம்தான்மா. கூடவே இருக்கற எனக்கே தெரியலை. சிட்டியிலேர்ந்து வர்றவனுக்கு என்ன தெரியும்?"

ஆர்லிஸ் ஜன்னல் வழியே சாய்ந்து நின்ற பச்சைக் குடிலைப் பார்த்தாள்.

"டெல்ஃபின், மேலே ஒரு வரி சேர்க்கணும். அது எழுத வேண்டாம். நான் சொல்றேன், நீ தட்டு."

எதிரே இரண்டு பேர் இருந்தார்கள். ஆர்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றி வேர்த்தது. ஒவ்வொரு வார்த்தையாக வெளியே வந்தது.

'வடக்கு மூலைக்கு இன்று யாரும் போகாதீர்கள். போனால் உள்ளே விழுவீர்கள். காலையில் அனுப்பியதை நம்பாதீர்கள். இதைச் சொல்வது ஆர்லிஸ்.'

அதன் கீழே சின்ன ஆர்லிஸின் காபியும் கேக்கும். குடிலுக்கு நடந்ததை டெல்ஃபின் தட்டிக் கொடுத்ததும் கடைசி வரியை மட்டும் அது மாற்றிக் கொடுத்தது. 'ஹார்லனின் மீன்குடில் இன்று நீச்சல் கற்றுக்கொண்டது.' வாடிக்கையாளரைக் கிண்டல் செய்யக் கூடாதே என்று டெல்ஃபின் தயங்கினாள். "குடிலைத்தானே சொல்லுது, இருக்கட்டும்" என்றாள் ஆர்லிஸ்.

செய்தி போனதுதான் தாமதம், கடைப் போன் அலற ஆரம்பித்தது.

"ஆர்லிஸுக்கு என்ன ஆச்சு? ஆஸ்பத்திரியில சேர்த்துட்டீங்களா?" முதல் ஆள் பாதிரியார். அடுத்தது தபால் அலுவலகம். பிறகு ஹார்லனின் மனைவி. மன்னிப்புக் கேட்க வந்த டெல்ஃபினை அவள் பேசவே விடவில்லை. "அந்தப் பச்சைக் கண்றாவி தொலைஞ்சுதே, உனக்குத்தான் நன்றி சொல்லணும்" என்று வைத்துவிட்டாள். ஆர்லிஸ் வாய்விட்டு நேராக ஒன்று சொல்லிவிட்டாள் என்ற செய்தி, குடில் தண்ணீரில் சாய்ந்த செய்தியைவிட வேகமாக ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசியாக வந்த எண் அரிசோனாவுடையது.

டெல்ஃபின் எண்ணைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், போனை மாமியாரின் காதில் வைத்தாள்.

"அம்மா." சோல்வேயின் குரல். "அந்த முதல் வரியை யார் எழுதினது?"

"நான்தான்."

"நிஜமா? டெல்ஃபின் இல்லையா?"

"நான் சொன்னேன். அவ தட்டினா." "நீ இதைப் படிக்கறியா?"

"தினமும் படிக்கறேன். இங்க ஏரியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஆனா காலைல எழுந்ததும் அதைத்தான் முதல்ல படிக்கறேன். கேக் வந்தா லோவெல் உள்ளே போயிடக் கூடாதேன்னு அன்னைக்கு முழுக்கப் பதறிட்டிருப்பேன்."

லோவெல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆர்லிஸின் உதடு அசைந்தது. "அங்க... சாப்பிட..." என்று ஆரம்பித்தாள். ஆர்லிஸ் நிறுத்தினாள்.

"சோல்வே, அன்னைக்கு எனக்குத் தெரியும். அப்பா பிழைக்க மாட்டார்னு டாக்டர் சொல்லிட்டார். உன்கிட்டச் சொல்ல பயமா இருந்துச்சு. நீ வரணும். உன்னைப் பார்க்கணும் எனக்கு."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. வெகு நேரம் கேட்டது.

"வர்றேன்மா" என்றாள் சோல்வே. "ஆனா நான் தனியா வரமாட்டேன். அதை மட்டும் இப்பவே சொல்லிடறேன்."

வைத்துவிட்டாள்.

"யாரோட வர்றாளாம்?" லோவெலும் டெல்ஃபினும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"நான் கேக்கலை."

"ஏம்மா கேக்கலை?"

"ஒரு நாளைக்கு இவ்வளவுதான் முடியும் என்னால" என்றாள் ஆர்லிஸ். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, கட்டுப்போட்ட கைகளால் தட்டை மருமகளின் பக்கம் தள்ளினாள். டெல்ஃபின் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"பயப்படாதே" என்றாள் ஆர்லிஸ். "இது வெறும் கேக்தான்."